தை முதல் நாளும் நவம்பர் வியாழனும்

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை. ஆரணியில் நெசவாளர் தெருவில் பிறந்தவர்களுக்கு முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்பு, இடையில் எஞ்சிய இடத்தில் குடும்பம். ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள் இருந்தன. ஆரணி அரிசி என்று பெயர் சொல்லியே வெளியூர்க் கடைகளில் மூட்டை விற்பார்கள். எங்களுக்கும் நெல்லுக்கும் இருந்த உறவோ அந்த ஆலைகளில் நெல் வேகும் வாசனை காற்றில் வருவதோடு முடிந்துவிடும். அப்படியிருந்தும் தை முதல் நாள் காலையில் எங்கள் வாசலிலும் பானை பொங்கியது. நாம் அறுக்காத வயலுக்கு நாம் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பத்து வயதில் அப்பாவிடம் கேட்டேன். அவர் தறியில் சுருட்டியிருந்த சேலையைத் தொட்டுக் காட்டி, "இதையும் அறுத்துத்தானே எடுக்கிறோம்" என்றார்.

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுப்பதுதான் எங்கள் அறுப்பு. அதற்கும் பருவம் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் குழித்தறியின் குழிக்குள் நீர் ஊறும். மிதிக்கட்டை ஈரத்தில் கிடக்கும். தெருவில் பாவு நூலை நீட்டிப் போட முடியாது. பட்டு இழை ஈரக்காற்றைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும். மார்கழியில் வானம் வெளுத்துவிடும், ஆனால் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் பட்டுச் சேலையைக் கேட்டு யார் வருவார்கள்? தை பிறந்தால்தான் முகூர்த்தம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதை உழவர் களத்துமேட்டில் நின்று சொல்வார்கள். அப்பா அதைக் கூலிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா மகள் நியூ ஜெர்சியில் குடியிருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். மாதத்தின் நான்காம் வியாழனுக்கு முந்தின நாள், நெடுஞ்சாலையும் விமான நிலையமும் பொங்கலுக்கு முந்தின இரவில் சென்னைப் பேருந்து நிலையம் எப்படியோ அப்படி இருந்தன. மறுநாள் தெரு அடங்கிப்போனது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு நீண்ட மேசை, அதைச் சுற்றி எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த உறவுகள். "இது அமெரிக்கப் பொங்கல், மாமா" என்றாள். நான் ஊர் திரும்பும்போது பழம்பொருள் கடையில் வாங்கிய ஒரு தபால் அட்டையைப் பையில் வைத்து அனுப்பினாள். நூறு ஆண்டு கடந்த அட்டை. தங்க மை பூசிய ஓரம், நடுவில் மார்பை விடைத்து நிற்கும் வான்கோழி, அதன் காலடியில் பூசணியும் சோளக்கதிரும். பின்புறம் பச்சை நிறத்தில் ஒரு சென்ட் தபால்தலை. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளின் பக்கத்தில் அதை வைத்தேன். அவள் சொன்ன பெயர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று அன்றிலிருந்து யோசித்துவருகிறேன்.

நாள் குறிப்பதிலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பொங்கலின் நாளைக் குறிப்பது சூரியன். அது மகரத்தில் நுழையும்போது தை பிறக்கிறது, ஜனவரி 14 அல்லது 15. தேங்க்ஸ்கிவிங் என்று அவர்கள் சொல்லும் நன்றி நவிலும் நாளைக் குறித்தவர்கள் ஆட்சியாளர்கள். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் நவம்பர் 26ஐ அறிவித்தார். பிறகு பல பத்தாண்டுகள் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி ஒரு நாளை வைத்துக்கொண்டது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939இல் அந்தக் கடைசி வியாழன் 30ஆம் தேதியில் விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார். பாதி மாநிலங்கள் ஒரு வாரத்திலும் மீதி மாநிலங்கள் அடுத்த வாரத்திலும் கொண்டாடி நாடே இரண்டுபட்டது. 1941இல் நான்காம் வியாழன் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்த பிறகே குழப்பம் ஓய்ந்தது. கனடாவில் அது அக்டோபரின் இரண்டாம் திங்கள். நம் பக்கத்திலும் சட்டம் தைக்குள் நுழைந்து பார்த்தது. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் ஒரு சட்டம் வந்தது, 2011இல் அது நீக்கப்பட்டது. பானை பொங்கும் நாளை மட்டும் யாராலும் நகர்த்த முடியவில்லை.

பிறந்த கதைக்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா சொல்லும் கதை 1621இல் நடக்கிறது. முந்தைய ஆண்டு மேஃபிளவர் என்ற கப்பலில் ஏறத்தாழ 102 பேர் இங்கிலாந்திலிருந்து பிளிமத் கரைக்கு வந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் திஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி மனிதர். குழியில் மீனை எருவாகப் புதைத்து அதன்மேல் விதையை ஊன்றும் முறையை அவர் காட்டினார். அந்த இலையுதிர்காலத்தில் விளைச்சல் வீட்டுக்கு வந்ததும் மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோக் மக்களின் தலைவர் மசாசாயிட் சுமார் 90 பேரோடு வந்து கலந்துகொண்டார். அவர்கள் வேட்டையாடி ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள். எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அந்த ஆண்டு டிசம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில் இவை சில வரிகளில் இருக்கின்றன. அந்தக் கடிதத்தில் 'நன்றி நவிலல்' என்ற சொல்லே இல்லை. அந்தக் குடியேறிகளின் சமய அகராதியில் நன்றி நவிலும் நாள் என்றால் கோயிலில் உட்கார்ந்து மன்றாடும் நாள், விருந்து நாள் அல்ல. இந்த விருந்துதான் 'முதல் நன்றி நவிலல்' என்று அலெக்சாண்டர் யங் ஓர் அடிக்குறிப்பில் எழுதியது 1841இல். விருந்து நடந்து 220 ஆண்டு கழித்து.

திஸ்குவாண்டத்தை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல்காரன் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றான். எப்படியோ தப்பி, இங்கிலாந்து வழியாக 1619இல் அவர் ஊர் திரும்பினார். ஊர் இருந்தது, ஆள் இல்லை. வெள்ளையர் கப்பல்கள் கொண்டுவந்த கொள்ளைநோயில் பட்டுக்செட் என்ற அவருடைய ஊர் முழுவதும் அழிந்துபோயிருந்தது. அந்த வெற்று ஊரின்மீது, அவருடைய மக்கள் திருத்திவைத்திருந்த வயல்களின்மீதுதான் பிளிமத் எழுந்தது. தன் வீட்டு மண்ணில் தன் விதையை ஊன்ற அவர் அந்நியருக்குக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். விருந்துக்கு வந்த மசாசாயிட்டின் மகன் மெட்டகாம், 1675இல் மூண்ட போரில் அதே குடியேறிகளை எதிர்த்து நின்றார். 1676இல் அவரைக் கொன்று, தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகிப் பல ஆண்டுகள் அப்படியே விட்டுவைத்தார்கள்.

பொங்கலின் வேர் இத்தனை ரத்தத்தில் இல்லை. ஆனாலும் அது சங்ககாலத்திலிருந்து அப்படியே மாறாமல் வந்தது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பரிபாடல் சொல்வது தை நீராடலை. வாசலில் பானை வைத்து, குலவையிட்டு, 'தமிழர் திருநாள்' என்ற பெயரோடு சாதி சமயம் கடந்து எல்லாரையும் அழைக்கும் இன்றைய பொங்கலின் உருவம் 20ஆம் நூற்றாண்டில் தெளிந்தது. இரண்டு நாடுகளிலும் வழக்கம் பழையது, அதற்கு ஏற்றிய பொருள் புதியது. பொருளை ஏற்றியவர்கள் இரண்டு இடத்திலும் பத்திரிகை ஆசிரியர்கள் என்பது இந்த ஒப்பீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய வியப்பு.

அங்கே சாரா ஜோசெஃபா ஹேல். 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற மகளிர் இதழின் ஆசிரியர். கைம்பெண்ணாகி, ஐந்து பிள்ளைகளை எழுதியே வளர்த்தவர். 1827இல் வெளிவந்த தம் நாவலிலேயே நன்றி நவிலும் நாள் விருந்தை விரிவாக எழுதியிருந்தார். 1846இலிருந்து அதை நாட்டுக்கே பொதுவான ஒரு நாளாக்க வேண்டும் என்று இதழில் எழுதினார், ஆளுநர்களுக்கு எழுதினார், அதிபர்களுக்கு எழுதினார். வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3 அன்று அறிவிப்பு வந்தது. பிளந்துகொண்டிருந்த நாட்டை ஒரே நாளில் ஒரே மேசைக்கு அழைப்பது அவர் நோக்கம்.

இங்கே அண்ணா. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, எங்கள் தெருவில் சொந்தக்காரரைப்போல் பேசப்பட்டவர். 'திராவிட நாடு', பிறகு 'காஞ்சி' இதழ்களின் பொங்கல் மலர்களுக்கு ஆண்டு முழுதும் காத்திருப்பார்கள். மறைமலையடிகள் போன்ற தமிழறிஞர்கள் தொடங்கிவைத்த பேச்சை அந்த மலர்கள் டீக்கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் கொண்டுவந்தன. 1953இல் கைத்தறி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது அண்ணாவும் தோழர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருவில் கூவி விற்றார்கள். அண்ணா விற்றது திருச்சியில். அந்தச் செய்தியை அப்பா கண் கலங்காமல் சொன்னதில்லை.

இனி அட்டைகள்.

அமெரிக்காவில் 1898இல் ஒரு சட்டம் தனியார் அச்சிட்ட அட்டைகளையும் ஒரு சென்ட்டுக்கு அனுப்பலாம் என்றது. அதுவரை அந்தச் சலுகை அரசு அட்டைக்கு மட்டும். 1907 வரை பின்புறத்தில் முகவரி தவிர எதுவும் எழுதக்கூடாது, ஆகவே சொல்ல வேண்டியதைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். 1907இல் பின்புறத்தை இரண்டாகப் பிரித்து இடப்பாதியில் எழுத அனுமதித்ததும் அட்டை பெருகியது. நன்றி நவிலும் நாளுக்கென்று வந்த அட்டைகளின் பொற்காலம் அதன்பின் வந்த சில ஆண்டுகள்தான். அவற்றில் ஏராளமானவை ஜெர்மனியில் கல்லச்சில் பல வண்ணம் ஏற்றி, புடைப்பு அச்சிட்டு, கப்பலில் வந்தவை. எலன் கிளாப்சாடில் போன்ற ஓவியர்கள் குழந்தைகளையும் வான்கோழிகளையும் வரைந்து பேர் வாங்கினார்கள். 1914இல் போர் மூண்டது, ஜெர்மன் அச்சு நின்றது. அட்டைப் பித்து இறங்கிய பிறகு கிறிஸ்துமஸ் அட்டையின் நிழலில் இது சிறுத்துப்போனது.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று கால் அணாவுக்கு வந்தது. ஆனால் பொங்கல் வாழ்த்து அட்டை தழைத்தது சிவகாசியால். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அந்த அச்சு காலண்டராகவும் வாழ்த்து அட்டையாகவும் பெருகியது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் காலண்டர் படங்களுக்குக் கொண்டுவந்த பளபளப்பான வண்ணம் அட்டைகளிலும் இறங்கியது. செங்கரும்பு, இஞ்சி மஞ்சள் கொத்து, புதுப்பானை, ஜோடிக் காளை, எழும் சூரியன். அந்தச் சூரியன் ஒரு கட்சியின் சின்னமாகவும் ஆன பிறகு அட்டைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல் என்று தலைமுறைக்குத் தலைமுறை அட்டையில் முகம் மாறியது. மார்கழி பாதி கழிந்ததும் ஆரணிக் கடைவீதியில் தள்ளுவண்டியில் அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார்கள். உறையின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது தபால்தலை குறைவு. எங்கள் தெருவில் யாரும் உறையை ஒட்டியதில்லை. ரகசியம் எதுவும் அதில் இல்லை, வாழ்த்துதானே!

இரண்டு நாட்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு விழாவும் நன்றிக்கான விழா. இரண்டு அட்டையிலும் நன்றி இல்லை. அமெரிக்க அட்டை 'நன்றி நவிலும் நாள் வாழ்த்து' என்கிறது, உங்கள் மேசை நிறையட்டும் என்கிறது. நம் அட்டை 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்கிறது, இன்பம் பொங்கட்டும் என்கிறது. விழா கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கிறது, அட்டை வரும் ஆண்டைப் பார்த்து எழுதப்படுகிறது. உங்களால் எனக்கு இன்ன நன்மை கிடைத்தது என்று அச்சிட்ட ஓர் அட்டையை இரண்டு பக்கத்திலும் தேடினேன். அப்படி எதுவும் அகப்படவில்லை.

ஆங்கிலத்தில் நன்றிக்கான சொல்லும் நினைத்தலுக்கான சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழில் 'நன்றி' என்பதற்கு முதற்பொருளே நன்மை, செய்யப்பட்ட நல்லது. வள்ளுவர் அதிகாரத்துக்கு இட்ட பெயர் செய்ந்நன்றி அறிதல். நமக்கு அது வாயால் சொல்லும் சொல்லாக ஆனது பிந்தித்தான். அறிந்திருப்பதே அதன் பழைய வடிவம். என் அம்மா ஒரு நாளும் யாரிடமும் நன்றி என்ற சொல்லைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பியதும் இல்லை. ஆகவே அட்டையில் நன்றி இல்லாததைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கு நன்மை தெரிகிறது, யாருடைய நன்மை தெரியாமலே போகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதற்கு அட்டையின் படத்தைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அட்டையில் வாம்பனோக் மனிதர் பெரும்பாலும் இல்லை. இருந்தால் தவறாக இருக்கிறார். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் அவருக்குத் தொலைதூரச் சமவெளி மக்களின் நீண்ட இறகுக் கிரீடத்தைச் சூட்டிவிட்டார்கள். ஜென்னி பிரவுன்ஸ்கோம்ப் 1914இல் வரைந்த புகழ்பெற்ற முதல் விருந்து ஓவியத்திலும் அதே பிழை. 1970இல், கப்பல் வந்து 350 ஆண்டு ஆனதைக் கொண்டாட வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் தலைவரைப் பேச அழைத்தார்கள். பேச்சை முன்கூட்டி வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, இதைப் பேசக்கூடாது என்றார்கள். அவர் பிளிமத்தில் மசாசாயிட் சிலைக்குப் பக்கத்தில், குன்றின்மேல் நின்று பேசினார். அன்றிலிருந்து அந்த வியாழன் அங்கே அவருடைய மக்களுக்குத் துக்க நாள். ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறார்கள்.

நம் அட்டைக்கு வருகிறேன். அதில் உழவர் இருக்கிறார், வெள்ளை வேட்டியில், சேறு படாமல். சேற்றில் நின்று நாற்று நட்ட கூலிப் பெண்கள் இல்லை. அவர்களுக்குப் பதிலாக இடுப்பில் குடத்தோடு ஒரு சினிமாப் பெண் சிரிக்கிறாள். பானைக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மா எப்போதும் பட்டு உடுத்தியிருக்கிறாள், சிவப்பு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அப்பா அட்டை வந்ததும் வாசகத்தைப் படிக்க மாட்டார். சேலையைத்தான் பார்ப்பார். கரையில் ஜரிகை எங்கே முடிகிறது, முந்தானை எங்கே தொடங்குகிறது என்று ஓவியர் சரியாகப் போட்டிருந்தால் அவர் முகம் மலரும். அந்தச் சேலையை நெய்தவனை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. காஞ்சியின் கனம் இல்லாமல், லேசாக, நாள் முழுதும் உடுத்த வாகாக நெய்வது ஆரணியின் கை. புவிசார் குறியீடுகூட வந்துவிட்டது. அட்டைக்குள் மட்டும் தறி வரவில்லை. அரசு பரவாயில்லை என்பேன். 1983இலிருந்து பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் நெசவுக்கு வேலை கொடுக்கவும் சேர்த்தே வந்தது. அது பருத்தித் தறிகளுக்கு. ஆனாலும் விழாவின் கணக்கில் நெய்பவனுக்கு ஒரு வரி கிடைத்தது.

பொங்கல் அமெரிக்க விழாவைவிட உயர்ந்து நிற்கும் இடம் என்று நான் நெடுநாள் நம்பியது மாட்டுப் பொங்கலை. அங்கே வான்கோழி மேசைக்குப் போகிறது. 1989இல் அதிபர் புஷ் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் வெள்ளை மாளிகையில் ஒரு பறவைக்குப் 'பொதுமன்னிப்பு' வழங்குகிறார்கள். குற்றம் செய்யாத உயிருக்கு மன்னிப்பு. இங்கே மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, சலங்கை கட்டி, முதல் பொங்கலை அதற்கு ஊட்டுகிறோம். ஆரணியைச் சுற்றிய ஊர்களில் அந்த நாட்களில் காளை விடும் திருவிழா களைகட்டும். எங்களுக்கு மாடு கிடையாது, அம்மா தறிக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார். உழைத்த உயிரை நிற்கவைத்து வணங்கும் இப்படியொரு நாளை அந்த வியாழனில் நான் காணவில்லை.

பிறகு ஒரு நாள் பட்டுக்கூட்டை நினைத்தேன். கர்நாடகத்துச் சந்தைகளிலிருந்து வரும் கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் இழை எடுக்க வேண்டும். உள்ளே உயிரோடு இருக்கும் புழு வெந்து போகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். காளைக்கு ஒரு நாள் வைத்த தமிழன் பட்டுப்புழுவுக்கு நாள் வைக்கவில்லை. அந்த நெசவாளர் தெருவில் வளர்ந்த எனக்கே நாற்பது வயது வரை அது தோன்றவில்லை. வான்கோழி மேசையைப் பற்றிப் பேச அதன்பின் எனக்கு நா எழவில்லை.

இரண்டு விழாவும் தொட்டுக்கொள்ளும் ஓர் இடம் ஆரணியிலேயே உண்டு. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கு ஆரணியும் ஒரு நிலையமாக இருந்தது. வேலூர் மருத்துவமனையைத் தந்த ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்தவர். இந்த வட்டாரத்து சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கும். முதல் விளைச்சலை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். நெல், வாழைத்தார், கோழி, பரங்கிக்காய். சிறுவனாக நான் வேடிக்கை பார்க்கப் போவேன். பரங்கிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுத்து, மறுபடி ஆலயத்துக்கே கொடுப்பார். அதை மறுபடி ஏலம் விடுவார்கள்.

அந்தப் பரங்கிக்காயிடம்தான் என் ஒப்பாய்வு வந்து நிற்கிறது. மார்கழி முழுதும் எங்கள் தெருவில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரின்மேல் செருகும் மஞ்சள் பூ அந்தக் கொடியின் பூ. பொங்கலன்று மொச்சையும் சர்க்கரைவள்ளியும் பரங்கியும் சேர்த்துக் குழம்பு வைக்காத வீடு இல்லை. நியூ ஜெர்சியில் அதே காயை இனிப்புப் பணியாரமாக மாவுக்குள் வைத்துச் சுட்டிருந்தாள் அக்கா மகள். என் அட்டையின் வான்கோழி காலடியிலும் அதுதான். மொச்சை நம் மண்ணில் நெடுங்காலமாக விளையும் பயறு. பரங்கியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. அங்கத்திய பூர்வகுடிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக விதை தேர்ந்து வளர்த்தவை. பரங்கியர் கப்பலில் வந்ததால் பரங்கிக்காய் என்று நாமே பெயரும் வைத்தோம். கொண்டுவந்தவன் பெயர் காயில் ஒட்டிக்கொண்டது, விளைவித்துப் பழக்கியவன் பெயர் விட்டுப்போனது. திஸ்குவாண்டத்துக்கு நன்றி சொல்ல மறந்தவர்கள் பிளிமத்தார் மட்டும்தானா? ஆரணியில் நெசவாளர் தெருவில் தை முதல் நாள் குழம்புச் சட்டியிலும் அவரைப் போன்ற பூர்வகுடிகளின் உழைப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இதை அக்கா மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது நெடுநேரம் அவள் பேசவில்லை. அந்த ஆண்டு அவள் தன் மேசையில் இருந்த குழந்தைகளுக்கு அந்த ஊர் யாருடைய நிலம் என்று முதலில் சொன்னாளாம்.

இப்போது இரண்டு விழாவும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. கனடாவில் அக்டோபரில் நன்றி நவின்ற அதே தமிழ்க் குடும்பம் ஜனவரியில் பொங்கல் வைக்கிறது. 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அட்டைதான் இரண்டு பக்கமும் போய்விட்டது. கைபேசியில் ஒரு தொடுதலில் இருநூறு பேருக்கு ஒரே பானை பொங்குகிறது. எனக்கும் வருகிறது, நானும் அனுப்புகிறேன். ஆனால் அட்டைக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

அப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சொந்தக்காரர்கள் சிலர்தான். மற்றவை, பட்டு முறுக்கித் தருபவர், சாயம் தோய்ப்பவர், பாவு பிணைப்பவர், அச்சு கட்டுபவர், அட்டை அடிப்பவர். எங்கள் வீட்டில் அட்டை என்றால் முதலில் ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைதான். துளைபோட்ட நீள அட்டைகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள், எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். டிசைன் மாறினால் பழைய அட்டைகள் எங்கள் விளையாட்டுக்கு வரும்.

ஒரு பொங்கலுக்குக் கடை அட்டை வாங்கக் காசு இல்லை. மழை நீண்டு, கூலி வராத ஆண்டு. அப்பா ஒரு பழைய ஜக்கார்டு அட்டையை எடுத்துக் கொடுத்து, அட்டை அடிப்பவருக்கு இதில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு என்றார். துளைகளைச் சுற்றிச் சுற்றி வண்ணப் பென்சிலால் பானையும் கரும்பும் வரைந்தேன். 'பொங்கல் வாழ்த்து' என்று எழுத்துகளைத் துளைக்கு இடையில் நெருக்கிப் போட்டேன். கீழே என்ன எழுதட்டும் என்றதற்கு, "உங்கள் அட்டையில் இந்த வருசம் பதினோரு சேலை அறுத்தோம்னு எழுது" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் படிக்குமுன் அட்டையை வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தார். துளை வழியே ஒளி அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஓரத்தில் மங்கியிருந்த எண்ணையும் துளைகளையும் பார்த்துவிட்டு, "இது அன்னப்பட்சி புட்டா. நாலு வருசம் முன்னாடி நான் அடிச்சது" என்றார்.